ஹேவாஹெட்டச் சுற்று

கட்டுக்கலை, கண்டி
ஜனவரி 19

அன்புத் தம்பி சுதேஷ்,

பலமுறை அழைத்தும் நீங்கள் போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன். தோட்டத்துத் தபால் இப்போது ஒழுங்காக வருகிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. வந்தால் ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் போனதற்குப் பிறகு நம்முடைய முந்நூற்றுநாலு சீட்டாட்ட வட்டம் முதன்முதலாகப் போன ஞாயிறு கூடியது. சீட்டுக்கட்டை யாரும் தொடவில்லை. வருடத் தொடக்கத்தில் போட்டிகளுக்கு இடமும் நாளும் குறிக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் கூடினோம். இராமநாதன் எப்போதும் உட்காரும் சன்னலோரக் கதிரையில் யாரும் உட்காரவில்லை. சண்முகநாதன் ஐயா மட்டும் தெரியாத்தனமாகப் போய் அதில் கையை வைத்து, பிறகு எடுத்துக்கொண்டார்.

முடிவானதைச் சொல்கிறேன். பெப்ரவரி முதல் ஞாயிறு கண்டியில் தொடக்கச் சுற்று. நோன்பும் சித்திரை வருடமும் முடியும்வரை எதுவும் இல்லை. ஜூனில் அலவத்துகொட, ஜூலையில் கெலிஓயா. ஆகஸ்டில் பெரஹரா ஊர்வலத்துக்காக வீதிகளை மூடிவிடுவார்கள் என்பதால் விடுமுறை. செப்டெம்பர், ஒக்டோபர் கண்டி. நவம்பரில் இறுதிச் சுற்று. அலவத்துகொட ஸிபான் இந்த வருடம் ஒரு போக்கர் சுற்றும் வைப்போம் என்றான். காசு இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் சில்லுகளை வைத்துத்தான். எனக்கு அதில் மனமில்லை. போக்கரில் ஒவ்வொருவரும் தனித்தனி, எதிரே ஒரு சோடி இருக்காது. ஒத்திவைத்துவிட்டோம்.

மே மாத ஹேவாஹெட்டச் சுற்றை இந்த வருடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டோம். வீதி இருக்கிற நிலையிலும் நீங்கள் எல்லோரும் இருக்கிற நிலையிலும் உங்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கக் கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பதிலாக இறுதிச் சுற்றுக்கு "இராமநாதன் நினைவுக் கிண்ணம்" என்று பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் இடம் அப்படியே இருக்கிறது. சோடிக்கு ஒருவரை நாங்களே பார்த்துத் தருகிறோம்.

அண்ணி இராஜேஸ்வரிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நிரஞ்சனி அக்கா


ஹேவாஹெட்ட
ஜனவரி 30

நிரஞ்சனி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் எடுக்கவில்லை. எழுதும்போது அவ்வளவு கத்த முடியாது.

அண்ணனின் பேரை வைத்துக்கொண்டு அண்ணனின் ஊரை எறிந்துவிட்டீர்கள். இதற்கு மேல் எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்குச் சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் கேட்டீர்களா? நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். நவம்பர் மழையில் மேல்பிரிவில் மலை சரிந்து இறங்கிய பிறகு எங்கள் லயத்து வீட்டுச் சுவரிலும் வெடிப்பு. இங்கே இருக்கக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தோட்டத்து மண்டபத்தில்தான் இருக்கிறோம். நான், நிஷாந்தினி, பிள்ளைகள், அண்ணி. சேலையும் தறப்பாளும் கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருக்கிறோம். காலையில் அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய்ப் படிப்பிக்கிறேன். அண்ணியின் மகள் கொழும்பிலிருந்து வந்து கூப்பிட்டாள். அண்ணி போகவில்லை. "இங்கனயே இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நவம்பரிலிருந்து அவர் பேசுவதே பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான்.

இது எதையும் நீங்கள் வந்து பார்க்கவில்லை. அரிசியும் பால்மாவும் அனுப்பினீர்கள். நன்றி. அதை மறக்கவில்லை.

எனக்குச் சோடி பார்க்க வேண்டாம். சோடி என்பது பஸ்ஸில் பக்கத்துச் சீட் இல்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள்.

சுதேஷ்


கண்டி
பெப்ரவரி 10

தம்பி சுதேஷ்,

உங்கள் கடிதத்தைக் காரியாலயத்தில் வைத்துப் பிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் பிரித்திருக்கலாம்.

கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வட்டத்துக்கு ஒரு ஞாயிறைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படிப்பட்ட வேலை என்று உங்கள் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். நோன்பு ஒரு பக்கம், வெசாக் ஒரு பக்கம், பிள்ளைகளின் சோதனை, கெலிஓயாக் கடைக்காரர்களின் வருடக் கணக்கு, யாராவது ஒருவரின் மகள் கல்யாணம். ஒவ்வொரு ஜனவரியிலும் அவரும் நானும் கலண்டரை விரித்து வைத்துச் சண்டை போடுவோம். ஹேவாஹெட்டைக்கு மே மாதத்தை ஒதுக்கியது அவர்தான். "மழைக்கும் மழைக்கும் நடுவுல எங்க மலை சிரிக்கிற மாசம், அப்ப வந்து பாருங்க" என்பார். இந்த முறை அந்தக் கலண்டரை நான் தனியாக விரித்தேன்.

கூட்டத்தில் பேசியதை உங்களிடம் மறைக்கவில்லை, சுருக்கினேன். இப்போது முழுவதையும் எழுதுகிறேன். சண்முகநாதன் ஐயா சொன்னார்: "சனங்க செத்துப்போன எடத்துல போயி சீட்டு வெளயாடுறதா? ஊரு என்ன சொல்லும்?" யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. மண்டபத்தில் வீடிழந்தவர்கள் படுத்திருக்கிறார்கள், அவர்களை எழுப்பிவிட்டு அங்கே மேசை போடுவதா என்று இன்னொருவர் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். கோபத்தை அல்ல, பதிலை.

உங்கள் பெயரை எடுக்கவில்லை. தொடக்கச் சுற்று போன வாரம் நடந்தது. உங்கள் மேசையில் இரண்டு கதிரையும் காலியாகவே இருந்தன.

நிரஞ்சனி


ஹேவாஹெட்ட
பெப்ரவரி 24

நிரஞ்சனி அக்கா,

பதில் கேட்டீர்கள். முதலில் என்னிடமும் இல்லை. அதனால் மண்டபத்தில் இருப்பவர்களிடமே போய்க் கேட்டேன்.

ஞாயிறு மத்தியானம் எல்லோரும் இருந்த நேரம். எங்கள் வட்டம் வருடா வருடம் இங்கே வந்து விளையாடும், உங்களுக்குத் தெரியும், இந்த வருடம் வரட்டுமா வேண்டாமா என்றேன். கேட்டதே தவறோ என்று நினைத்தேன். அப்போது அங்கம்மா பேசினார். கொழுந்து பறிப்பவர். தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் மண்ணுக்குக் கொடுத்தவர்.

"வரட்டும் சார். இங்க வாறவங்க எல்லாம் அரிசி மூட்டயோடதான் வாறாங்க. குடுக்கும்போது ஒரு போட்டோ. அழுதா இன்னொரு போட்டோ. சும்மா வெளயாடிட்டுப் போக ஒருத்தரும் வரல. நாங்க என்ன தொத்து நோய்க்காரங்களா?"

அதன் பிறகு எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். எந்தப் பக்கத்துத் தறப்பாளை அவிழ்க்கலாம், எங்கே மேசை போடலாம் என்பது வரைக்கும் பேச்சு போனது. எல்லோருக்கும் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சண்முகநாதன் ஐயாவிடம் ஒன்று கேளுங்கள். செத்த வீட்டில் சீட்டு விளையாடாத ஊர் இந்த மலையில் எது? பிணத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை முற்றத்தில் சீட்டுப் போடுவதும், தேத்தண்ணி குடிப்பதும், தோற்றவனைக் கிண்டல் பண்ணுவதும், சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளே அழுகிறவர்கள் கொஞ்சம் தேறுவதும் நாம் எல்லோரும் பார்த்ததுதானே. எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. அந்த முற்றத்தில்தான் நான் முந்நூற்றுநாலே பழகினேன்.

அண்ணனுக்குச் செத்த வீடு நடக்கவில்லை, அக்கா. பக்கத்து லயத்து மாட்டை அவிழ்த்துவிடப் போனவர். மாடு வந்துவிட்டது. அவரைத் தோண்டி எடுக்கவே நாளாகிவிட்டது. எடுத்ததும் வீட்டுக்குக் கொண்டுவர வீடு இல்லை, முற்றம் இல்லை. வரிசையாக வைத்து, வரிசையாகப் புதைத்தோம். கண்டியிலிருந்து யாராலும் வர முடியவில்லை, பாதை இல்லை. யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

ஹேவாஹெட்டையைத் திரும்பப் போடுங்கள். எனக்குச் சோடி இல்லை என்பது வேறு விஷயம். நான் தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன்.

சுதேஷ்


கண்டி
மார்ச் 9

அன்புத் தம்பி,

உங்கள் கடிதத்தை வட்டத்தில் அப்படியே வாசித்தேன். மாட்டைப் பற்றி எழுதிய இடத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை. ஸிபான் வாங்கி மிச்சத்தை வாசித்தான். நோன்பு பிடித்திருந்தான், தொண்டை வறண்டு போயிருந்தது.

பிறகு கையுயர்த்தச் சொன்னேன். ஹேவாஹெட்டச் சுற்று மீண்டும் அட்டவணைக்கு வந்துவிட்டது. மே மூன்றாம் ஞாயிறு. தலாத்துஓயா வழியாகப் பாதை திறந்திருப்பதாக பஸ்காரர்களிடம் விசாரித்தேன். ஸிபான் தன் வானைக் கொண்டுவருகிறான். அரிசி மூட்டை கொண்டுவர மாட்டோம், போட்டோ எடுக்க மாட்டோம். இது வட்டத்தின் தீர்மானம், குறிப்பில் எழுதிவிட்டேன்.

சண்முகநாதன் ஐயா கை உயர்த்தவில்லை. "மத்தவங்க போங்க. நான் எதுக்கும் எதிரி இல்ல. எனக்கு மனசு வரல" என்றார். வற்புறுத்தவில்லை. ஆனால் அவர்தான் என் சோடி. அவர் வராவிட்டால் எனக்கும் அன்றைக்கு ஆள் இல்லை.

ஒன்றை எழுதுவதா விடுவதா என்று இரண்டு முறை பேனாவை மூடினேன். வீதி ஒரு காரணம்தான், ஊர்ப் பேச்சும் ஒரு காரணம்தான். எனக்கு வேறொன்றும் இருந்தது. ஏ.எல். வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்த காலத்திலிருந்து உங்கள் அண்ணன் எனக்கு நண்பர். மேலே வந்தால் பஸ் நிற்குமிடத்தில் குடையோடு நிற்பார். நிற்க ஆள் இல்லாத அந்தச் சந்தியில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உங்களுக்குச் சிரமம் என்று எழுதிவிட்டேன்.

இனி நேராகக் கேட்கிறேன். உங்களுக்கும் சோடி இல்லை, எனக்கும் இல்லை. மே மாதம் எனக்கு எதிரே உட்காருவீர்களா?

நிரஞ்சனி அக்கா


ஹேவாஹெட்ட
மார்ச் 27

அன்புள்ள அக்கா,

நீங்கள் கேட்டதற்கு உடனே ஓம் சொல்லி எழுதி, உறையும் ஒட்டிவிட்டேன். அதைத் தபாலில் போட முடியாமல் ஒன்று நடந்துவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அண்ணி கேட்டார், அந்த அக்கா என்ன எழுதியிருக்காங்க என்று. மே மாதம் வருகிறார்கள், நானும் அவரும் சோடி என்றேன். அடுத்த நாள் நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, அவரு எடத்துல நான் ஒக்காரவா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணி சீட்டைக் கையால் தொட்டதில்லை. உங்களுக்கும் தெரியும், அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு இறங்கினால் அவருக்குப் பிடிக்காது. சண்டை போட மாட்டார், சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தைத்துக்கொண்டிருப்பார்.

"உங்களுக்கு வெளயாடத் தெரியாதே அண்ணி" என்றேன்.

"தெரியாது. அதுனாலதான் கேக்குறேன். இருபத்தாறு வருசம் அந்த மனுசனோட இருந்தேன். எல்லா ஞாயித்துக்கெழமயும் எங்கயோ போயிட்டு வேற ஆளா வருவாரு. மொகம் தெளிஞ்சிருக்கும். அங்க என்னா இருக்குன்னு நான் ஒரு நாளும் போயிப் பாக்கல. இப்ப பாக்கணும்."

பிறகு சொன்னார்: "அந்த அக்காவுக்குத் தெரியும்ல, அவரு வெளயாடுறப்ப எப்புடி இருப்பாருன்னு? கேட்டு எழுதச் சொல்லுங்க."

அக்கா, நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எல்லோர் முன்னாலும் தோற்று நிற்பார், அண்ணனின் பேரையும் சேர்த்துப் பரிதாபம் பார்ப்பார்கள் என்று பயம். ஆனால் இந்த நாலு மாதத்தில் அவர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. சாப்பாட்டைக்கூட.

உங்களிடம் சொன்ன சொல்லை மாற்றுவது போலிருக்கிறது. என்ன செய்யட்டும்?

சுதேஷ்


கண்டி
ஏப்ரல் 19

அன்புத் தம்பி,

இதில் என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? இராஜேஸ்வரியின் பெயரை எழுதிவிட்டேன். நான் அன்றைக்குப் புள்ளி எழுதுகிறேன். யாராவது எழுதத்தானே வேண்டும்.

இனி வருவதை இராஜேஸ்வரிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இராஜேஸ்வரி, உங்கள் வீட்டுக்காரர் நல்ல விளையாட்டுக்காரர் இல்லை. இதைச் சொன்னால் வட்டத்தில் சிலர் அடிக்க வருவார்கள், ஆனால் உண்மை அதுதான். கணக்கு வைக்க மாட்டார். எந்தச் சீட்டு போய்விட்டது என்று ஞாபகம் வைப்பது சுதேஷின் வேலை. உங்களவரின் வேலை, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கும் கேள்வியை ஏற்றுவது. நல்ல சீட்டு வந்தால் கவலைப்பட்ட முகத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒன்றும் இல்லாவிட்டால் கையை விரித்து அழகாக அடுக்கி, ராஜா மாதிரி நிமிர்ந்து உட்காருவார். எதிரில் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள். இத்தனை வருடமாகியும் பயந்தார்கள். ஒருமுறை கெலிஓயாவில் வெறுங்கையோடு கேள்வியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, மொத்தமாகத் தோற்று, கண்ணில் தண்ணீர் வர அவரே சிரித்தார். சுதேஷ் பஸ் ஏறும் வரைக்கும் ஏசிக்கொண்டே போனார்.

சோடி தவறு செய்தால் முகம் சுளிக்க மாட்டார். "அது போச்சு, அடுத்த கையப் போடுங்க" என்பார். அதைக் கேட்பதற்காகவே அவரோடு சோடி சேர ஆட்கள் கேட்டார்கள்.

உங்களைப் பற்றிப் பேசுவாரா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அதிகம் பேச மாட்டார். பேசினால் பெருமையாகப் பேசுவார். "எங்க வீட்ல பொய் நிக்காது. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள இராசி கண்டுபிடிச்சிருவா. அதுனாலதான் இங்க வந்து சொல்லிக்கிறேன்" என்று எல்லோரும் சிரிக்கச் சொல்லுவார்.

வேறு என்ன எழுத? வாருங்கள் என்று நான் சொல்ல முடியாது. நாங்கள்தான் வருகிறோம்.

நிரஞ்சனி


கண்டி
மே 19

தம்பி சுதேஷ்,

முந்தாநாள் உங்களிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் வானில் ஏறிவிட்டோம். இரண்டு நாளாக அதுவே மனதில் நிற்கிறது.

நல்லதை முதலில் எழுதுகிறேன். சந்தியில் நான் இறங்கப் பயந்தேனே, அங்கே நீங்கள் மண்டபத்துப் பிள்ளைகளோடு நின்றீர்கள். உள்ளே தறப்பாளை எல்லாம் சுருட்டிக் கட்டி, தரையைக் கழுவி வைத்திருந்தார்கள். அங்கம்மா ஒவ்வொரு மேசைக்கும் பின்னால் நின்று, யாரிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று முகத்தாலேயே காட்டிக்கொடுத்து, ஸிபான் கையெடுத்துக் கும்பிட்டுத் துரத்தியது! எழுந்து வெளியே போனவர் என்று நீங்கள் எழுதிய பெரியவர், வெளியில் நின்றே சன்னல் வழியாகக் கடைசி வரைக்கும் பார்த்தார்.

பிறகு அந்தக் கை. ஸிபானும் அவன் சோடி அர்கமும் எதிரே. இராஜேஸ்வரி அதுவரை எல்லாக் கையும் தோற்றும் அமைதியாகத்தான் இருந்தார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வியை ஏற்றினார். அந்த உட்காரும் விதம் யாருடையது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஸிபான் விட்டுக்கொடுத்தான். துரும்பும் வெளிப்பட்டது. உங்கள் கையில் ஒரு துரும்புச் சீட்டு இருந்தது. வெட்டியிருக்கலாம். பிறகு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டீர்கள். கை போய்விட்டது.

இராஜேஸ்வரி எழுந்து நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "ஏன் வெட்டல? கையில வச்சிக்கிட்டு ஏன் வெட்டல? கேட்டது நான்தானே? என்னய நம்பி வெட்டியிருக்கணும். ஒங்கண்ணன் கேட்டிருந்தா வெட்டியிருப்பீங்கதானே?" சீட்டை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். ஒரு குழந்தை அழுதது. நிஷாந்தினி பின்னால் ஓடினார்.

நாங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் கதிரைகளை மடக்கினோம். மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே இறங்கும்போது வானில் ஸிபான்தான் ஒருமுறை, "நான் கேள்வியை விட்டிருக்கக் கூடாது" என்றான்.

சண்முகநாதன் ஐயா சொன்னது சரியாக இருந்திருக்குமோ என்று யோசிக்கிறேன். இராஜேஸ்வரியை அந்தக் கதிரையில் உட்கார வைத்தது என் கடிதம்தான் என்றால் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், என் சார்பில்.

நிரஞ்சனி


ஹேவாஹெட்ட
மே 25

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அண்ணி சிரிக்கவில்லை, ஆனால் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் அதுக்குள்ள போனாங்க? தேத்தண்ணி ஊத்தி வச்சிருந்தது" என்றார்.

நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணி தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்றார். நான் போனேன். அழுவார் என்று நினைத்தேன், ஏசினார். முதலில் என்னை. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு பயந்ததற்கு. பிறகு அண்ணனை. "ஒரு மாட்டுக்காக என்னய விட்டுட்டுப் போனாரே, அந்த மாட்டுக்காரன்கூட இன்னிக்கு வரைக்கும் வந்து ஒரு வார்த்த பேசல" என்று, லயத்துக்கே கேட்கிற குரலில். மேல்பிரிவு மலையைப் பார்த்து ஏசினார். கடவுளையும் விடவில்லை. நிஷாந்தினி அவரைப் பிடிக்கப் போனாள். அங்கம்மா வந்து தடுத்தார். "விடு புள்ள. இப்பத்தான் வருது."

நவம்பரிலிருந்து அந்தக் குரலை நான் கேட்கவில்லை, அக்கா. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலையே அவர் குரல் என்று பழகிவிட்டிருந்தேன். அண்ணன் உயிரோடு இருக்கும்போது அவர் இப்படித்தான் பேசுவார். கொழுந்து மலையின் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் ஃபெக்டரியில் கேட்கும்.

அதன் பிறகு அழுதார். நானும் அழுதேன். மழை வந்துவிட்டது, உள்ளே ஓடினோம்.

நீங்கள் சீட்டுக்கட்டை மேசையிலேயே விட்டுப் போயிருந்தீர்கள். அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, எறிந்த சீட்டைப் பொறுக்கினார். "அந்தக் கையத் திருப்பி அடுக்குங்க, நான் பாக்கணும்" என்றார். ஞாபகத்திலிருந்து நாலு பேரின் சீட்டையும் அடுக்கினேன். நான் வெட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கடைசி வரைக்கும் விளையாடிப் பார்த்தோம். ஸிபானுக்குப் பதில் அங்கம்மா, அர்கமுக்குப் பதில் நிஷாந்தினி. வெட்டியிருந்தாலும் தோற்றிருப்போம். அண்ணியின் கையில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

"அப்ப நீங்க செஞ்சது சரிதான்" என்றார்.

"இல்ல அண்ணி, வெட்டியிருக்கணும்" என்றேன்.

இப்போது மண்டபத்தில் பின்னேரங்களில் மூன்று மேசை ஓடுகிறது. சன்னலுக்கு வெளியே நின்ற அந்தப் பெரியவரும் உள்ளே வந்து உட்காருகிறார். தோற்றால் கோபிக்கிறார். அவரோடு சோடி சேர யாரும் விரும்புவதில்லை, முறை போட்டு வைத்திருக்கிறோம்.

ஜூன் அலவத்துகொடச் சுற்றுக்கு இரண்டு பேர் வருகிறோம். அண்ணி கேட்கச் சொன்னார், அங்கே என்ன சமைப்பார்கள் என்று. தான் ஒன்று கொண்டுவர வேண்டுமாம்.

சுதேஷ்


கண்டி
ஒக்டோபர் 12

அன்புத் தம்பிக்கும் இராஜேஸ்வரிக்கும்,

அலவத்துகொடயில் ஒரு வெற்றி, கெலிஓயாவில் இரண்டு. இராஜேஸ்வரி சந்தைக்குப் போனால்கூட ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று ஸிபான் சொல்கிறான். சண்முகநாதன் ஐயா போன ஞாயிறு என் எதிரே உட்கார்ந்து இராஜேஸ்வரியிடம் தோற்றார். வீட்டுக்குப் போகும்போது என்னிடம், "மேல வராம இருந்துட்டேன். அடுத்த மே மாசம் கால் நடந்தா வாறேன்" என்றார். இதைவிட அதிகமாக அவர் வாயிலிருந்து வராது.

கிண்ணத்தின் பெயரைப் பற்றி இராஜேஸ்வரி சொன்னதை வட்டம் ஏற்றுக்கொண்டது. பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இப்போது ஒரு சிக்கல். இறுதிச் சுற்றுக்கு நான் ஜனவரியில் குறித்த ஞாயிறு உங்களுக்குத் தெரியும். நேற்று கோயிலில் பஞ்சாங்கம் பார்த்தேன். இராமநாதனின் வருடத் திவசம் அதே ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. ஜனவரியில் எனக்கு அது தோன்றவே இல்லை. போட்டி நாளைத் தேடிக்கொண்டிருந்தேன், திதியைத் தேடவில்லை.

மாற்றுவது கஷ்டம். அடுத்த ஞாயிறு மண்டபம் இல்லை, அதற்கடுத்தது மழைக்காலம், டிசம்பரில் சோதனை. ஆனால் மாற்றிவிடுகிறேன். தேவையானால் இறுதிச் சுற்றே இல்லாமல் விடுகிறோம். நீங்கள் இருவரும் என்ன சொல்கிறீர்களோ அதுதான். யோசித்து எழுதுங்கள்.

நிரஞ்சனி


ஹேவாஹெட்ட
ஒக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

தற்காலிக வீட்டுக்கு வந்துவிட்டோம். தகரக் கூரை, மழை பெய்தால் பேச முடியாது. அதனால் மழை விடும்வரை காத்திருந்து அண்ணியிடம் உங்கள் கடிதத்தை வாசித்தேன்.

யோசிக்கவே இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்:

"தெவசம் காலையில. ஐயரு பத்து மணிக்குள்ள முடிச்சிருவாரு. எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க, எலயில சோறு போடுவோம். சாப்பிட்டுட்டுப் பின்னேரம் வெளயாடுவோம். ரெண்டுக்கும் வர வேண்டியது ஒரே ஆளுங்கதானே? எதுக்கு ரெண்டு நாளு?"

இறுதிச் சுற்று கண்டியில்தானே குறித்திருக்கிறது என்றேன்.

"அப்ப அத மாத்தி எழுதச் சொல்லுங்க" என்றார்.

நாள் அப்படியே இருக்கட்டும், அக்கா. இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

சுதேஷ்